உண்ணி கடித்த மறுநாளே ரத்தம் கொடுக்கலாமா?

சென்ற இதழில் லைம் நோய் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா நோய் அது என்பதையும், அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் கோடையில் புதர் ஓரமாக நடக்கும்போது கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் மட்டுமே அதில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், நோயைப் பற்றிக் கேட்டவர்களைவிட அதற்கான ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். பரிசோதனைத் தாள்களின் நகலையே இணைத்து அனுப்பியவர்களும் உண்டு. எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

என் மகன் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் நண்பர்களோடு காட்டுப் பகுதியில் இரண்டு நாள் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வந்தவன், மறுநாள் குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம் உண்ணி ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பிடுங்கி எறிந்திருக்கிறான். பயந்துபோய் அடுத்த நாளே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டான். ‘நெகட்டிவ்’ என்று வந்தது. பத்து நாள் கழித்து அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த வட்டம் தோன்றியது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, வேறு பரிசோதனை எதுவும் செய்யாமல் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்துவிட்டார். பரிசோதனையில் இல்லை என்று வந்த நோய்க்கு மருந்து தரலாமா? மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொல்லட்டுமா?
— வாசகி, கும்பகோணம்

அம்மா, அந்த மருத்துவர் செய்தது முற்றிலும் சரி. மறுபடியும் ரத்தம் கொடுக்கத் தேவையில்லை. தங்கள் குழப்பத்துக்குக் காரணம், உண்ணியைப் பிடுங்கிய மறுநாள் எடுத்த அந்த முதல் பரிசோதனைதான். அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம்.

இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்ற சுருள் வடிவ பாக்டீரியா ரத்தத்தில் மிகக் குறைந்த எண்ணிக்கையில், மிகக் குறைந்த காலமே சுற்றுகிறது. பிறகு தோல், மூட்டு, நரம்பு என்று திசுக்களுக்குள் போய்விடுகிறது. அதை ரத்தத்திலிருந்து வளர்த்தெடுக்கத் தனியான ஊட்டக் கரைசலும் பல வாரப் பொறுமையும் வேண்டும். மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையும் ரத்தத்தில் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறது. ஆகவே ஆய்வகங்கள் கிருமியை விட்டுவிட்டு, அக்கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. வீட்டுக்குள் திருடன் இருக்கிறானா என்று நேராகப் போய்ப் பார்க்க முடியாதபோது, நாய் குரைத்ததா என்று விசாரிப்பதைப் போன்றது இது. நாய் குரைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்த நேரக் கணக்கைச் சொல்கிறேன். கடியின் வழியே கிருமி உள்ளே போன பிறகு, ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் பரிசோதனையில் தெரியும் அளவுக்குச் சேர ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். ஐஜிஜி வகை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தோலில் சிவந்த வட்டமோ 3 நாள் முதல் 30 நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டியே தோன்றிவிடுகிறது. அதாவது தோல் முந்திக்கொள்கிறது, ரத்தம் பின்தங்குகிறது. வட்டம் தோன்றிய முதல் நாட்களில் பரிசோதித்தால், உண்மையில் நோய் உள்ள நூறு பேரில் 30 அல்லது 40 பேருக்குத்தான் ‘பாசிட்டிவ்’ வரும். மீதமுள்ள 60, 70 பேருக்கு ‘நெகட்டிவ்’ என்ற தாளே கிடைக்கும். அப்படிப்பட்ட தாளை நம்பி மருந்தை நிறுத்திவைப்பது ஆபத்து என்பதால்தான், உண்ணி மிகுந்த பகுதியில் இருந்தவருக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் விரியும் செவ்வட்டம் தோன்றினால், ரத்தப் பரிசோதனை இல்லாமலே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பத்து நாள் டாக்சிசைக்ளின் போதும்.

பிடுங்கிய மறுநாள் எடுத்த ரத்தம் என்ன சொன்னது என்றால், தங்கள் மகனுக்கு இதற்கு முன்பு இந்நோய் வந்ததற்கான தடயம் இல்லை என்று சொன்னது, அவ்வளவுதான். இந்தக் கடியைப் பற்றி அதனால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. அந்த நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கருங்கால் உண்ணி என்று அங்கே அழைக்கப்படும் அந்த உண்ணி, கிருமியைக் கடத்தப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். நோய் மிகுந்த பகுதியில் அவ்வகை உண்ணி 36 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டியிருந்தது தெரிந்தால், அதை அகற்றிய 72 மணி நேரத்துக்குள் பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் ஒரே ஒரு வேளை கொடுத்து நோயைத் தடுக்கலாம். தங்கள் மகன் ஆய்வகத்துக்குப் போன நேரத்தில் மருத்துவரிடம் போயிருந்தால், அவர் இதை யோசித்திருக்கக்கூடும்.

இனி ஒன்று. மாத்திரை முடிந்த பிறகு, ‘இப்போதாவது பார்த்துவிடலாம்’ என்று ரத்தம் கொடுக்கச் சொல்லாதீர்கள். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் கிருமி விரைவாக அழிந்து, சிலருக்கு எதிர்ப்பொருள் தெரியும் அளவுக்கு உருவாகாமலே போய்விடுகிறது. அப்போது வரும் ‘நெகட்டிவ்’ என்ற சொல், நோயே இருந்திருக்கவில்லை என்ற தவறான எண்ணத்தைத்தான் கொடுக்கும்.

பிடுங்கிய உண்ணியைப் பத்திரப்படுத்தி, அதை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லதா?
— வாசகர், டொரண்டோ

உண்ணி எந்த இனம், எவ்வளவு ரத்தம் குடித்து உப்பியிருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பதற்காக வைத்திருப்பதில் பயன் உண்டு. அதற்குள் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிப்பதை மேற்சொன்ன வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. உண்ணியில் கிருமி இருந்தாலும் அது உங்களுக்குக் கடத்தியது என்று பொருளில்லை, அந்த உண்ணியில் இல்லாவிட்டாலும் நீங்கள் கவனிக்காத இன்னொன்று கடித்திருக்கலாம். இளம்பருவ உண்ணி கசகசா விதை அளவுதான் இருக்கும்.

எனக்கு எட்டு மாதமாக உடல் அசதியும், இடம் மாறி மாறி வரும் மூட்டு வலியும் இருக்கின்றன. செவ்வட்டம் எதையும் பார்த்த நினைவில்லை. லைம் பரிசோதனையில் முதல் கட்டம் பாசிட்டிவ். இரண்டாம் கட்ட வெஸ்டர்ன் பிளாட்டில் ஐஜிஎம் பிரிவில் 23, 41 என்ற இரண்டு பட்டைகள் இருப்பதாகவும், அதனால் ஐஜிஎம் பாசிட்டிவ் என்றும் எழுதியிருக்கிறது. ஐஜிஜி பிரிவில் 41, 58, 66 என்ற மூன்று பட்டைகள் இருந்தும் நெகட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள். மருத்துவரோ, இது லைம் நோய் இல்லை என்கிறார். ஐந்து பட்டைகள் தெரிந்த பிறகும் இல்லை என்றால் என்ன நியாயம்?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய தாளைப் படித்த பிறகு, உங்கள் மருத்துவர் பக்கமே நானும் நிற்கிறேன். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதல் கட்டமான எலைசாவில், கிருமியின் புரதங்கள் பூசப்பட்ட சிறு குழிகளில், உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரான சீரத்தை ஊற்றுவார்கள். அதற்குள் பொருத்தமான எதிர்ப்பொருள் இருந்தால் அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்க்கும் வேதிப்பொருள் நிறம் மாறும். அந்த நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகத் தரும். நோயைத் தப்பவிடக் கூடாது என்பதற்காகத் தாராளமாக வலை வீசும் பரிசோதனை இது. எனவே நோயில்லாத சிலரும் அதில் சிக்குவார்கள். சிபிலிஸ், திரும்பவரும் காய்ச்சல், எலிக் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆகிய மூன்றும் சுருள் பாக்டீரியாக்களால் வருபவை. அவற்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருளும் இங்கே வந்து ஒட்டலாம். எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்று, முடக்குவாதம், லூபஸ் போன்றவையும் இப்படிக் குழப்பும். நாய் திருடனைப் பார்த்துத்தான் குரைக்கும் என்றில்லை. தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும்.

இதனால் விளைவது என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். அசதியும் வலியும் மட்டுமே உள்ள ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் உண்மையில் லைம் நோய் உள்ளவர்கள் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். எலைசா அந்த 10 பேரையும் பிடித்துவிடுகிறது. ஆனால் நோயில்லாத 990 பேரில் நூற்றுக்கு 5 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொன்னாலே, ஏறக்குறைய 50 பேர் கூடுதலாகச் சேர்ந்துவிடுவார்கள். பாசிட்டிவ் என்ற தாளோடு வெளியே வரும் 60 பேரில் நோயாளிகள் 10 பேர்தான், ஆறில் ஒருவர். இதே பரிசோதனையை, ஜூலை மாதம் கனெக்டிகட் மாநிலத்தில் முழங்கால் வீங்கி வந்த ஆயிரம் பேரிடம், அவர்களில் பாதிப் பேருக்கு நோய் உண்டு என்ற நிலையில் செய்தால், 500 உண்மைக்கு 25 பொய்தான் கலந்திருக்கும். பரிசோதனை அதேதான், கருவி அதேதான். யாரிடம் செய்தோம் என்பதுதான் மாறியது. ஆய்வகத்துக்கு வரும் படிவத்தில் ‘நோய்க்குறி’ என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே வரும். அந்தக் காலிக் கட்டம் ஆய்வகக்காரர்களான எங்களுக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பது மருத்துவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்த 50 பேரை வடிகட்டத்தான் இரண்டாம் கட்டமான வெஸ்டர்ன் பிளாட். கிருமியின் புரதங்களை எடை வாரியாகப் பிரித்து, நீண்ட மெல்லிய பட்டியின் மீது வரிசையாகப் பதித்து, அதன்மேல் சீரத்தை விட்டால், எந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு, அதாவது பட்டை, தெரியும். நீங்கள் குறிப்பிடும் 23, 41, 58 எல்லாம் கிலோடால்டன் என்ற அலகில் அந்தப் புரதங்களின் எடை. எத்தனை கோடுகள் தெரிந்தால் நோய் என்று கொள்வது என்பதில் தொடக்கத்தில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு இருந்தது. 1994-இல் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் கூடிய மாநாட்டில் ஒரு பொது வரையறை வகுக்கப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதை 1995-இல் ஏற்று அறிவித்தது. அதன்படி ஐஜிஎம் பிரிவில் குறித்துவைத்த மூன்று பட்டைகளில் இரண்டும், ஐஜிஜி பிரிவில் குறித்துவைத்த பத்துப் பட்டைகளில் ஐந்தும் தெரிய வேண்டும். இரண்டு பிரிவையும் கூட்டிக் கணக்குப் பார்க்கக் கூடாது. நீங்கள் கூட்டியிருக்கிறீர்கள், அதிலும் 41 இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது.

இந்த 41 என்ற பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படுத்தும் கசையிழையின் புரதம் அது. நம் பல்லிடுக்கில் வாழும் சுருள் பாக்டீரியாக்கள் உட்பட, கசையிழை கொண்ட பலவற்றிடமும் அதைப் போன்ற புரதம் இருக்கிறது. ஆகவே வாழ்நாளில் உண்ணியையே கண்டிராதவர்களின் பட்டியிலும் 41 பளிச்சென்று தெரியும். 58, 66 ஆகியவையும் தனித்து நின்று பொரேலியாவைக் காட்டிக்கொடுப்பவை அல்ல. ஐந்து வேண்டும் என்ற கட்டுப்பாடு இப்படிப்பட்ட பட்டைகளை மனத்தில் வைத்துத்தான்.

அப்படியானால் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். எழுதியது பிழையில்லை, மூன்றில் இரண்டு தெரிந்தது, எனவே எழுதினார்கள். ஆனால் அதே வரையறையில் இன்னொரு நிபந்தனை உண்டு: ஐஜிஎம் முடிவை நோய்க்குறி தொடங்கிய முதல் நான்கு வாரங்களுக்குள் மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். எட்டு மாதம் உடலில் தங்கிய லைம் நோயாக இருந்தால், இந்நேரம் ஐஜிஜி முழுமையாக எழும்பியிருக்க வேண்டும். மூட்டைத் தாக்கும் அளவுக்கு முற்றியவர்களிடம் ஐஜிஜி ஏறக்குறைய எல்லோருக்கும், அதுவும் ஐந்துக்கு மேற்பட்ட பட்டைகளோடு காணப்படுகிறது. எட்டாம் மாதத்தில் ஐஜிஎம் மட்டும் தனித்துத் தெரிவது, பெரும்பாலும் பொய்யான குரைப்பு. உங்கள் தாளில் ரத்தம் எடுத்த தேதி இருக்கிறது. அசதி தொடங்கிய தேதி இல்லை. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததால்தான் உங்கள் மருத்துவர் ‘இல்லை’ என்றார்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டையைக் கண்ணால் பார்த்துப் படித்த காலத்தில், மங்கலான கோட்டை ‘இருக்கிறது’ என்று எழுதுவதா, ‘இல்லை’ என்று எழுதுவதா என்பதில் என்னோடு பணிபுரிந்தவர்களுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்ததுண்டு. ஒப்பீட்டுக் கோட்டைவிட மங்கலாக இருந்தால் எண்ணக் கூடாது என்பது விதி; ஆனால் மாலை ஐந்து மணிக்குக் களைத்த கண் பார்ப்பதும் காலையில் பார்ப்பதும் ஒன்றில்லை. ஐஜிஎம் பட்டைகளில்தான் இந்தத் தடுமாற்றம் மிகுதி.

உங்கள் வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. தைராய்டு, வைட்டமின் டி, முடக்குவாதத்துக்கான பரிசோதனைகள், உறக்கத்தில் மூச்சுத் தடை என்று தேட வேண்டிய இடங்கள் பல இருக்கின்றன. இந்தத் தாளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடத் தொடங்கினால், அந்தத் தேடல் நின்றுபோகும்.

நான் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. வெஸ்டர்ன் பிளாட் இல்லாமலே லைம் நோயை இரண்டு எலைசா மூலம் உறுதிசெய்யலாம் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். பாடநூலில் பழைய முறைதான் இருக்கிறது. எது சரி?
— வாசகி, கோயம்புத்தூர்

இரண்டும் சரி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 ஜூலையில், இரண்டாம் கட்டத்திலும் எலைசா வகையைப் பயன்படுத்தும் பரிசோதனைகளுக்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே சிடிசியும் அதை ஏற்றுக்கொண்டது. இதைத் திருத்திய இருகட்ட முறை என்கிறார்கள். ஒரே எலைசாவை இரண்டு முறை செய்வது என்று இதற்குப் பொருளில்லை. முதலாவதில் ஒரு வகைப் புரதமும் இரண்டாவதில் வேறு வகைப் புரதமும் இருக்க வேண்டும். முழுக் கிருமியையும் உடைத்து எடுத்த கலவை முதலாவதில் இருந்தால், இரண்டாவதில் விஎல்எஸ்இ என்ற ஒற்றைப் புரதமோ, அதிலிருந்து எடுத்த சி6 என்ற சிறு துண்டோ இருக்கலாம். கிருமி மனித உடலுக்குள் வந்த பிறகே பெருமளவில் வெளிப்படுத்தும் புரதம் விஎல்எஸ்இ. அதற்கு எதிராக உடல் சீக்கிரமாகவும் வலுவாகவும் எதிர்வினை காட்டுகிறது. இதனால் புதிய முறை, பொய்ப் பாசிட்டிவ்களைக் கூட்டாமலே, தொடக்க நிலை நோயாளிகளில் பழைய முறையைவிடக் கூடுதலான பேரைக் கண்டுபிடிக்கிறது. மங்கல் கோட்டுச் சண்டையும் ஓய்ந்தது. ஆனாலும் முதல் வாரத்தில் பலரைத் தவறவிடும் இயல்பு இதற்கும் உண்டு.

மாணவி என்பதால் இன்னொரு செய்தி. 1981-இல் மொன்டானா மாநிலத்தின் ஹாமில்டன் நகரிலுள்ள ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில் வில்லி பர்க்டோர்ஃபர், நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளைப் பிளந்து பார்த்தபோதுதான் இந்தக் கிருமி முதலில் கண்ணில் பட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் லைம் ஊரைச் சுற்றிக் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீங்குகிறது என்று 1975-இல் தாய்மார்கள் எழுப்பிய கேள்விக்கு அப்படித்தான் விடை கிடைத்தது. அந்தத் தீவின் உண்ணியிலிருந்து வளர்த்த பி31 என்ற கிருமி வகையே இன்றும் பல பரிசோதனைகளுக்கு மூலப் புரதமாகப் பயன்படுகிறது. ஐரோப்பாவில் நோய் உண்டாக்குபவையோ பெரும்பாலும் பொரேலியா அஃப்சேலி, பொரேலியா கரினி என்ற உறவுக்கிருமிகள். ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ உண்ணி கடித்து வந்தவருக்கு அமெரிக்கப் பட்டி சில நேரம் கைகொடுக்காது; சி6 போன்ற பொதுப் புரதத்தைக் கொண்ட எலைசா அங்கே கூடுதலாக உதவும். படிவத்தில் பயணம் செய்த நாட்டை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழங்கால் வீங்கி, லைம் நோய் என்று கண்டுபிடித்து 28 நாள் மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வடிந்து நன்றாக இருக்கிறேன். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானாகவே பரிசோதித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ் என்றே வருகிறது. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா?
— வாசகி, பாஸ்டன் அருகே

இல்லை என்றே கொள்ளலாம்; நீங்கள் நலமாக இருப்பதுதான் அதற்குச் சான்று. எதிர்ப்பொருள் என்பது கிருமியோடு வந்து கிருமியோடு போவதல்ல. திருடன் போய் நெடுநேரம் ஆன பிறகும் சில நாய்கள் குரைத்துக்கொண்டே இருக்கும். லைம் நோய் முற்றிலும் குணமானவர்களிடம் 10 முதல் 20 ஆண்டுகள் கழித்தும் ஐஜிஜி மட்டுமின்றி ஐஜிஎம் கூடத் தென்பட்டிருக்கிறது. குணமாகிவிட்டதா என்று சொல்லும் எதிர்ப்பொருள் பரிசோதனை இந்த நோய்க்குக் கிடையாது. மூட்டு மறுபடியும் வீங்கினால், அப்போது மூட்டு நீரை எடுத்துப் பிசிஆர் செய்து பார்ப்பதில் பொருள் உண்டு. அதுவும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில், “எதிர்ப்பொருள் இருப்பதால் இனி உண்ணி கடித்தாலும் பயமில்லைதானே” என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் உண்டு. இந்த எதிர்ப்பொருள்கள் மறுதொற்றைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஒருவருக்கே பல முறை செவ்வட்டம் வந்த நிகழ்வுகள் உள்ளன. அப்படி வந்தால் உங்கள் விஷயத்தில் ரத்தப் பரிசோதனை எதையும் சொல்லாது, ஏனென்றால் அது ஏற்கெனவே பாசிட்டிவ். தோலில் தெரியும் வட்டத்தைப் புகைப்படம் எடுத்து, அளவும் தேதியும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதப் பரிசோதனையை நிறுத்திவிடுங்கள்.

எங்கள் தெரு நாய்கள் மேல் கொத்துக் கொத்தாக உண்ணி இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாங்களும் லைம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். அமெரிக்காவில் லைம் நோயைக் கடத்துவது முன்பு சொன்ன கருங்கால் உண்ணி அடங்கிய இக்சோடஸ் என்ற பேரினத்து உண்ணி. உங்கள் தெரு நாய்கள் மேல் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. அது லைம் நோயைக் கடத்துவதில்லை. எடிசன் வாசகருக்குச் சொன்ன ஆயிரம் பேர் கணக்கைச் சேலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நோயே ஏறத்தாழ இல்லாத இடத்தில் வரும் பாசிட்டிவ் எல்லாம் பொய்யாகத்தான் இருக்கும்.

ஆனால் நம்மூருக்கென்று வேறு நோய்கள் இருக்கின்றன. பழுப்பு நாய் உண்ணி, ரிக்கெட்சியா கொனோரி என்ற கிருமியைக் கடத்தி, இந்திய உண்ணி டைபஸ் என்ற புள்ளிக் காய்ச்சலை உண்டாக்கக்கூடும். பத்திரிகைகள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்கரப் டைபஸ் நோயை. அதைக் கடத்துவது உண்மையில் உண்ணி அல்ல, உண்ணிக்குத் தூரத்து உறவான மைட் என்ற மிகச் சிறிய உயிரியின் இளம்பருவம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதுவாக இருந்திருந்தால் நாய்கள் மேல் பழியில்லை. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்ததா என்று மருத்துவர் தேடியிருப்பார்; அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் கீழ் என்று மறைவான இடங்களில் அது ஒளிந்திருக்கும்.

இவற்றுக்கும் நம் ஆய்வகங்களில் நடப்பது எதிர்ப்பொருள் பரிசோதனைதான். வெயில்-ஃபெலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை 1916-இல் கண்டறியப்பட்டது. ரிக்கெட்சியா வகைக் கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள், தொடர்பே இல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவின் சில வகைகளையும் திரளச் செய்கிறது என்ற தற்செயலான ஒற்றுமையின் மேல் நிற்பது அது. ஓஎக்ஸ்கே என்ற வகை திரண்டால் ஸ்கரப் டைபஸ் என்றும், ஓஎக்ஸ்2 அல்லது ஓஎக்ஸ்19 திரண்டால் புள்ளிக் காய்ச்சல் என்றும் ஐயப்படலாம். செலவு குறைவு, கருவி தேவையில்லை. ஆனால் நோயாளிகள் பலரைத் தவறவிடும், நோயில்லாத சிலரைப் பிடிக்கும். வசதி உள்ள இடங்களில் ஐஜிஎம் எலைசா செய்கிறார்கள். உரைகல்லாகக் கருதப்படுவது, ஒளிரும் சாயத்தைக் கொண்டு நுண்ணோக்கியில் பார்க்கும் ஐஎஃப்ஏ முறை. அதிலும் ஒரே ஒரு ரத்தம் போதாது. காய்ச்சலின் முதல் வாரத்தில் ஒன்றும், இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ஒன்றும் எடுத்து, எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால்தான் உறுதி. அந்த உறுதி வரும்போது நோயாளி குணமாகி வீட்டில் இருப்பார், அல்லது காலம் கடந்திருக்கும். எனவே இங்கேயும் மருத்துவர்கள் தாளுக்காகக் காத்திருப்பதில்லை. ஐயம் எழுந்ததுமே டாக்சிசைக்ளின் தொடங்கிவிடுகிறார்கள். ‘பரிசோதனை முடிவு வருவதற்கு முன் ஏன் மருந்து’ என்று அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

நாய்களின் உண்ணியை ஒழிக்கக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். உண்ணியை விரல் நகத்தால் நசுக்க வேண்டாம்.

லைம் நோய்க்குச் சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு வகை வெள்ளணுக்களை எண்ணும் சிடி57 பரிசோதனை என்றெல்லாம் இணையத்தில் பெரும் தொகைக்கு விற்கிறார்கள். சாதாரண ஆய்வகத்தில் நெகட்டிவ் வந்தவர்களுக்கும் அதில் பாசிட்டிவ் வருமாமே?
— வாசகர், டல்லஸ்

வரும், அதுதான் அவற்றின் குறையும். நோய் உறுதியானவர்களின் ரத்தத்தையும் நலமானவர்களின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து, இரண்டையும் பிரித்துக் காட்ட முடிகிறது என்று நிறுவப்படாத பரிசோதனைகள் அவை. சிடிசி அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பரிசோதனைக்கு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் உண்டா என்று அவர்களையே எழுத்தில் கேளுங்கள்.

பரிசோதனைத் தாளை இணைத்து அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரையும் அடையாள எண்ணையும் மறைத்துவிட்டு, தாளின் மூலையில் இரண்டு தேதிகளைக் கட்டாயம் எழுதுங்கள்: நோய்க்குறி தொடங்கிய தேதி, ரத்தம் எடுத்த தேதி. உண்ணியைப் பார்த்த ஊரின் பெயரும் இருந்தால் நல்லது.